பிடியரிசிக் கலயமும் கைப்பேசியும்

எங்கள் ஆச்சியின் அடுப்பங்கரையில் உலைப்பானைக்குப் பக்கத்தில் ஒரு மண்கலயம் இருக்கும். அரிசியை அளந்ததும், களைவதற்கு முன்னால், ஒரு பிடி அள்ளி அதில் போடுவாள். வாரக் கடைசியில் சபைப் பெண்கள் சங்கத்தார் பையோடு வருவார்கள், கலயம் கவிழும். சேர்ந்த அரிசியை விற்றுக் காணிக்கைக் கணக்கில் வைப்பார்கள். ஊரில் விழுந்து கிடப்பவர்கள் இருந்தால் ஒரு பங்கு அந்த வீட்டுக்குப் போகும். அதற்குப் பிடியரிசி என்று பெயர்.

தேரிக்காட்டுச் சபைகளில் அது லேசான காரியமில்லை. செம்மணலில் நெல் ஏது? பனையேறிக் குடும்பங்களில் பதநீர்க் காலம் முடிந்தால் கையில் காசு தங்காது. அரிசிச் சோறே எப்போதாவதுதான். அந்த அரிசியில்தான் ஒரு பிடி குறையும். 1903-இல் வேதநாயகம் அசரியா போன்றோர் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பியபோது, வெளிநாட்டுப் பணத்தை நம்புவதில்லை என்று தீர்மானித்தார்கள். ஏழைச் சபைகள் அப்படிச் சொல்ல முடிந்ததே இத்தகைய சிறு காணிக்கைகளால்தான் என்று நான் நினைக்கிறேன்.

அதற்கும் முந்திய வரலாறு உண்டு. ஊரைவிட்டு விரட்டப்பட்ட புதுக் கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்ற, மிஷனெரி ரேனியஸ் ஐயர் 1830-இல் தர்ம சங்கம் ஏற்படுத்தினார். தாது வருஷப் பஞ்சத்தில் அநாதையான பிள்ளைகளுக்கு நாசரேத்தில் மர்காசிஸ் ஐயர் விடுதி வைத்தார். 1890-இல் அஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்குக் கற்பிக்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்ததுதான் பாளையங்கோட்டைப் பார்வையற்றோர் பள்ளி.

அந்தக் காலம் மாசற்றது என்று சொல்ல மாட்டேன். பஞ்ச காலத்தில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தபோது, சோற்றுக்காக வந்தார்கள் என்ற பேச்சு எழுந்தது. கஞ்சி ஊற்றியவருக்கும் வாங்கியவருக்கும் நடுவே சொல்லாத ஓர் எதிர்பார்ப்பு சில இடங்களில் இருந்திருக்கும். பசித்தவன் அதை எப்படி மறுப்பான்? ஆனால் கலயத்து அரிசியில் அந்தச் சிக்கல் இல்லை. எந்தப் பிடி எந்த வீட்டுக்குப் போகிறது என்று ஆச்சிக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. சபை உபதேசியார் விளக்கு வைத்த பிறகுதான் பையைத் தூக்கிக்கொண்டு போவார். தெருவில் யாரும் கேட்டால் வேறு பேச்சுப் பேசுவார்.

இன்று எங்கள் வீட்டில் குக்கர். அரிசியைத் தம்ளரால் அளக்கிறோம். காணிக்கைக்குக் கோயில் வாசலிலேயே கியூஆர் கோடு ஒட்டியிருக்கிறது. சூரத்திலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகள் ஒரு நொடியில் அனுப்புகிறார்கள். டயாலிசிஸுக்கும் புற்றுநோய்க்கும் பிடியரிசி எந்த மூலைக்கு? இப்போதுதான் அதற்கெல்லாம் கைகொடுக்க முடிகிறது, கணக்கும் ஒழுங்காக இருக்கிறது. இதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

என் மனம் உறுத்துவது வேறு இடத்தில். லூக்கா 14-ஆம் அதிகாரத்தில், விருந்து வைத்தால் உறவினரையும் பணக்கார அயலாரையும் அழைக்காதே, பதில் செய்ய இயலாத ஏழைகளையும் ஊனரையும் குருடரையும் அழை என்கிறார் இயேசு. நாமும் அழைக்கிறோம். பிறந்தநாளுக்கு ஆதரவற்றோர் இல்லத்துப் பிள்ளைகளுக்குப் பிரியாணி கொடுக்கிறோம். பிள்ளைகள் வரிசையாக நின்று நமக்கு வாழ்த்துப் பாட்டுப் பாடி முடித்த பிறகுதான் இலை போடுகிறோம். பிறகு படம். பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது. வேதம் சொல்லியும் கேட்காத நமக்குச் சட்டம் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. காசாகத் திருப்பித் தர முடியாதவர்களிடம் முகத்தை வாங்கிக்கொள்கிறோம்.

போன கிறிஸ்துமஸுக்கு விதவைகளுக்குச் சேலையும் அரிசிப் பையும் கொடுத்தோம். பின்னால் பிளெக்ஸ் பேனர். ஓர் அம்மா முந்தானையை முகத்துக்கு இழுத்தார். “இங்க பாருங்கம்மா, கொஞ்சம் சிரிங்க” என்று சொன்னவன் நான். போனைப் பிடித்திருந்தவனும் நான்தான்.

இரண்டு நாள் கழித்து அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் அவித்த பனங்கிழங்கு ஒரு கட்டு. என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, போக மனமில்லாமல் நின்றார்.

“எய்யா, அந்தப் படத்த அழிச்சிருவியா? பேத்திகூடப் படிக்கிற பிள்ளைய எல்லாம் பாத்துட்டாவளாம்.”

அவர் முன்னாலேயே சபை வாட்ஸப் குழுவிலிருந்து அழித்தேன். அதற்குள் அது எத்தனை குழுக்களுக்குப் போயிருந்ததோ, அங்கெல்லாம் என் கை எட்டாது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பனங்கிழங்கு இன்னும் சூடாக இருந்தது.