வயலோரக் கதிர் யாருடையது?

ஏழைக்குக் கொடுப்பது பற்றி விவிலியம் சொல்கிறது என்றதும் காணிக்கைப் பெட்டியும் இலவச உணவும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. பழைய ஏற்பாட்டின் சட்டப் பகுதிகளில் நாம் காண்பது வேறு.

லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தின்படி, நிலக்காரர் வயலோரத்தை ஒட்ட அறுக்கக் கூடாது. சிந்திய கதிரைப் பொறுக்கவும் கூடாது. அவை ஏழைக்கும் அந்நியருக்கும் உரியவை. இங்கே நிலக்காரர் அள்ளிக் கொடுப்பதில்லை. ஏழைகளே வயலில் இறங்கி எடுத்துக்கொள்கிறார்கள். மோவாபிலிருந்து வந்த விதவை ரூத், பெத்லகேமில் வாற்கோதுமைக் கதிர் பொறுக்கித் தன் மாமியாரையும் காப்பாற்றினாள்.

உபாகமம் 15ஆம் அதிகாரம் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை கடன் விடுதலை கேட்கிறது. ஆறு ஆண்டு உழைத்த எபிரேய அடிமையை ஏழாம் ஆண்டில் விடுவிக்கும்போது வெறுங்கையாய் அனுப்பக் கூடாது. மந்தையிலிருந்தும் களத்திலிருந்தும் தாராளமாகக் கொடுக்க வேண்டும். காரணம், எஜமானரின் முன்னோரும் எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்கள். நீதியைக் குறிக்கும் ‘செதாக்கா’ என்ற எபிரேயச் சொல்லே பிற்கால யூத வழக்கில் ஏழைக்குக் கொடுப்பதற்கும் பெயரானது.

இந்தச் சட்டத்தின் எல்லையையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஓரம் ஏழைக்கு, வயல் நிலக்காரருக்கே. அடிமைமுறையை அது ஒழிக்கவில்லை. ஆனாலும், கொடுப்பதைக் கொடுப்பவரின் மனநிலைக்கு விட்டுவிடாமல் கடமையாக்கியது.

நிவாரணப் பையைக் கையில் தந்து நம்மை நிறுத்திப் படம் எடுப்பவர்களிடம் நாம் கேட்க வேண்டியது இதுதான்: இது உங்கள் இரக்கமா, எங்கள் பங்கா?