அரசாங்க வாகனத்தால் விபத்து நேர்ந்தால்: தொழிலாளர் அறிய வேண்டிய சட்ட வழிகள்

பொழுது புலருமுன் பிரட்டுக்குச் செல்லும் பால்வெட்டுத் தொழிலாளரும், பள்ளிக்குச் செல்லும் அவர்தம் பிள்ளைகளும் சாலையில் இறங்காத நாளில்லை. அதே சாலையில்தான் அரசாங்க இலாகாக்களின் லாரிகளும் ஜீப்புகளும் ஓடுகின்றன. அவற்றுள் ஒன்று ஓட்டுநரின் கவனக் குறைவால் ஒரு தொழிலாளியின் மோட்டார் சைக்கிளை மோதிவிட்டால், அவர் செய்யக்கூடியது என்ன?

"அரசாங்கத்தின்மீது வழக்குத் தொடுக்க முடியுமா?" என்று மலைத்துப் பலர் வாளாவிருந்துவிடுகின்றனர். வேறு சிலர், இலாகாவே கடிதம் எழுதி இழப்பீடு தரும் என நம்பி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றனர். இவ்விரண்டு எண்ணங்களுமே தவறானவை. இரண்டாவது எண்ணம் வழக்குத் தொடுக்கும் உரிமையையே இழக்கச் செய்யக்கூடியது.

அரசாங்கமும் பொறுப்பேற்கும்

மன்னர் தவறிழைக்க மாட்டார் என்பது பழைய ஆங்கிலச் சட்டக் கோட்பாடு. அக்காலத்தில் அரசின்மீது குடிமக்கள் இத்தகைய வழக்குத் தொடுப்பது அரிதாக இருந்தது. நம் நாட்டில் 1956ஆம் ஆண்டின் அரசாங்க வழக்கு நடவடிக்கைச் சட்டம் அந்நிலையை மாற்றியது. தனியார் முதலாளி தம் ஊழியர் வேலையின்போது செய்யும் தவறுக்குப் பொறுப்பேற்பதைப் போலவே, அரசாங்கமும் தன் ஊழியரின் தவறுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் 5ஆம் பிரிவு.

எனினும், அந்த ஊழியர் அச்சமயம் அரசாங்கப் பணியில் ஈடுபட்டிருந்திருக்க வேண்டும். இலாகா வேலையாகச் சென்ற லாரி மோதினால் அரசாங்கம் பொறுப்பாகும். ஓய்வு நாளில் ஓட்டுநர் தம் சொந்தக் காரியமாகச் சென்றபோது மோதியிருந்தால், பொறுப்பு அவர் ஒருவரையே சாரக்கூடும். மேலும், ஊழியரின் தவறு மெய்ப்பிக்கப்பட்ட பின்னரே அரசாங்கத்தின் பொறுப்பு எழும். ஆகவே ஓட்டுநர் இன்னார் என அறிந்து, அவரையும் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும். கூட்டரசு நீதிமன்றம் இதனை வலியுறுத்தியுள்ளது.

வாகனம் கூட்டரசு அரசாங்கத்தினுடையதா, மாநில அரசாங்கத்தினுடையதா, நகராண்மைக் கழகத்தினுடையதா என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். நகராண்மைக் கழகங்களும் சட்டப்படி அமைந்த வாரியங்களும் தத்தம் பெயரிலேயே வழக்காடுகின்றன. தவறான பெயரில் வழக்குத் தொடுத்தால் காலமும் பணமும் வீணாகும்.

தனியார் வாகனங்களுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயமாகும். அரசாங்கத்திற்குச் சொந்தமான வாகனங்களுக்கோ 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அக்கட்டாயத்திலிருந்து விலக்களித்துள்ளது. எனவே, காப்புறுதி நிறுவனம் வந்து விசாரிக்கும் எனக் காத்திருப்பதில் பயனில்லை.

முப்பத்தாறு மாதங்கள்

தீபகற்ப மலேசியாவில், தனியார் வாகனத்தால் காயமுற்றவர் வழக்குத் தொடுக்கப் பொதுவாக 6 ஆண்டுகள் உண்டு. அரசாங்கமோ அரசாங்க ஊழியரோ பிரதிவாதியாகும்போது, 1948ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் 36 மாதங்களையே அனுமதிக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு தொழிலாளிக்கு 2025 மார்ச் 10ஆம் நாள் விபத்து நேர்ந்தது எனக் கொள்வோம். மோதியது தனியார் லாரியானால் அவருக்கு 2031 மார்ச் வரை அவகாசம் உண்டு. மோதியது அரசாங்க லாரியானால், 2028 மார்ச் 10ஆம் நாளைக் கடந்தபின் அவருடைய வழக்கு எவ்வளவு நியாயமானதாயினும் தள்ளுபடியாகிவிடும்.

இலாகாவுக்கு எழுதும் கடிதமும், அதிகாரியுடன் நடத்தும் பேச்சும் இக்காலக்கெடுவை நிறுத்திவைப்பதில்லை. நீதிமன்றத்தில் வழக்கைப் பதிவு செய்வதொன்றே அதனைக் காக்கும். பேச்சு நடக்கட்டும், ஆனால் நாட்காட்டியில் கண் இருக்கட்டும். காயமுற்றது குழந்தையாயின், அது வளர்ந்து ஆளாகட்டும் என்று பெற்றோர் காத்திருத்தல் ஆகாது. குழந்தையின் சார்பில் பெரியவர் ஒருவர் உடனே வழக்குத் தொடுக்கலாம்.

விபத்து நடந்தவுடன்

1. வாகனத்தின் எண், அதில் எழுதப்பட்டுள்ள இலாகாவின் பெயர், ஓட்டுநரின் பெயர், கண்டவர்களின் முகவரி ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. இயன்றால் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்க.

2. 24 மணி நேரத்திற்குள் போலீஸ் நிலையத்தில் புகார் செய்க. மோட்டார் சைக்கிள் ஓட்டியவருக்கும் இது சட்டக் கடமையாகும். படுகாயமுற்றவரின் உறவினர் விரைந்து சென்று போலீசுக்குத் தகவல் தெரிவிக்க வேண்டும்.

3. மருத்துவமனைச் சீட்டுகள், மருந்து வாங்கிய ரசீதுகள், விபத்துக்கு முந்திய மாதங்களின் சம்பளச் சீட்டுகள் அனைத்தையும் பத்திரப்படுத்துக. போலீசார் வரைந்த விபத்திடப் படத்தின் நகலையும் பின்னர் பெறுக.

4. படித்தறியாத எந்தத் தாளிலும் கையொப்பமிடாதீர். "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற ஒரு வரி, பின்னாளில் உரிமை கோரும் வழியை அடைத்துவிடக்கூடும்.

குற்ற வழக்கும் இழப்பீட்டு வழக்கும்

ஓட்டுநர்மீது குற்றஞ்சாட்டப்பட்டு அபராதம் விதிக்கப்பட்டால், அத்தொகை அரசாங்கக் கருவூலத்திற்கே செல்லும். காயமுற்றவர் தமக்குரிய இழப்பீட்டைத் தனி வழக்கின் மூலமே பெற வேண்டும். ஓட்டுநர் குற்ற வழக்கில் விடுதலையானாலும் இழப்பீட்டு வழக்குக்கு இடமுண்டு. ஏனெனில் இதற்கு வேண்டிய ஆதாரத்தின் அளவு குறைவு. வாகன விபத்து வழக்குகளைத் தொகை வரம்பின்றி விசாரிக்கும் அதிகாரம் செஷன்ஸ் நீதிமன்றத்திற்கு உண்டு.

உடல் வேதனை, மருத்துவச் செலவு, இழந்த சம்பளம் ஆகியவற்றுக்காக இழப்பீடு கோரலாம். காயமுற்றவர்மீதும் ஓரளவு தவறிருப்பின், அந்த விகிதத்திற்கேற்ப தொகை குறைக்கப்படும். விளக்கின்றி மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

விபத்தில் உயிரிழப்பு நேர்ந்தால், இறந்தவரின் உழைப்பை நம்பியிருந்த மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்காக 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுக்கலாம். இதற்கும் 3 ஆண்டுகளே கெடு. பிரிவுத் துயருக்கெனச் சட்டம் வகுத்துள்ள தொகை, 2019 செப்டம்பர் 1 முதல் 10,000 ரிங்கிட்டிலிருந்து 30,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது.

சொக்சோவையும் மறவாதீர்

வேலைக்குச் செல்லும் வழியிலோ வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலோ விபத்து நேர்ந்திருந்தால், அது வேலையில் நேர்ந்த விபத்தாகவே கருதப்பட்டுச் சொக்சோ உதவித்தொகை கிடைக்கக்கூடும். உடனே தோட்ட அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். நிர்வாகம் 48 மணி நேரத்திற்குள் சொக்சோவுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டது. யார் தவறு என்பதைச் சொக்சோ ஆராய்வதில்லை. சொக்சோவில் விண்ணப்பித்திருப்பது, மோதிய வாகனத்திற்குப் பொறுப்பானவர்மீது வழக்குத் தொடுக்கத் தடையன்று.

தரகரிடம் எச்சரிக்கை

மருத்துவமனைக் கட்டிலருகே வந்து, "வழக்கை நான் பார்த்துக்கொள்கிறேன், வரும் பணத்தில் பாதி எனக்கு" என்பார் உளர். வழக்கில் வென்றால் இழப்பீட்டில் பங்கு என ஒப்பந்தம் செய்வதை வழக்கறிஞர்களுக்கே 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழிற்சட்டம் தடைசெய்துள்ளது. தரகருக்கு அவ்வுரிமை எங்கிருந்து வரும்? நேரே வழக்கறிஞரிடம் செல்க; கட்டணத்தை எழுத்தில் பெறுக. வசதி குறைந்தோர் சட்ட உதவி மையத்திலும் தங்கள் தொழிற்சங்கக் கிளையிலும் ஆலோசனை கேட்கலாம்.

அரசாங்கத்தின்மீது வழக்குத் தொடுப்பது அரசாங்கத்தைப் பகைப்பதாகாது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் குடிமக்களுக்குத் திறந்துவைத்துள்ள வழியே அது. அவ்வழி 36 மாதங்களே திறந்திருக்கும் என்பதனை ஒவ்வொரு தொழிலாளர் குடும்பமும் அறிந்து, உரிய காலத்தில் செயற்பட வேண்டும்.