எண்ணூர் சாம்பலில் யுரேனியம்: எதை அளக்க வேண்டும்?

வடசென்னையில் யுரேனியம் சுரங்கம் கிடையாது. ஆனால் எந்த நிலக்கரியிலும் யுரேனியமும் தோரியமும் இம்மியளவு உண்டு. கரி எரிந்துபோகும், இவை சாம்பலில் தங்கும். நிலக்கரியில் பத்து லட்சத்துக்கு 1 முதல் 4 பங்கு வரை உள்ள யுரேனியம், சாம்பலில் 10 முதல் 30 பங்காகிறது என்கிறது அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் 1997-ம் ஆண்டுக் குறிப்பு. இந்திய நிலக்கரியில் சாம்பலே 30 முதல் 45 சதவீதம் என்பதால், செறிவு இங்கே குறையலாம், குவியலோ பெரிது.

சாம்பல் எங்கே போகிறது?

அத்திப்பட்டு வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல், நீரில் கலக்கப்பட்டு, குழாய் வழியே செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குப் போகிறது. குழாய் உடைந்தபோதெல்லாம் கொசஸ்தலை ஆற்றில் கொட்டியது. ஆற்றில் இறங்கிக் கையால் இறால் தடவும் மீனவருக்கு இப்போது காலில் தட்டுப்படுவது சாம்பல் சேறு. அதை அகற்றி ஆற்றைச் சீரமைக்கத் தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் 2022-ல் உத்தரவிட்டது.

எப்படி ஆய்வு செய்வது?

இதற்கு யுரேனியம் சுரங்கப் பகுதிகளின் ஆய்வுமுறையையே பின்பற்றலாம். அமெரிக்காவின் நவாஹோ பழங்குடிப் பகுதியில் கைவிடப்பட்ட யுரேனியம் சுரங்கங்கள் 500-க்கும் அதிகம். இத்தகைய இடங்களில் காமா கதிர்வீச்சைக் கருவி கொண்டு கட்டம் கட்டமாக அளப்பார்கள். மண், கிணற்று நீர் மாதிரிகளை எடுத்து, சுரங்கத்தின் சுவடு படாத பக்கத்து நிலத்தின் இயல்பான அளவோடு ஒப்பிடுவார்கள். அந்த ஒப்பீடு இல்லாவிட்டால் எந்த எண்ணுக்கும் பொருளில்லை. தூசு, குடிநீர், உணவு என மனிதரை எட்டும் வழிகளைப் பார்ப்பது அடுத்த படி.

பயப்பட வேண்டுமா?

சாம்பலின் கதிர்வீச்சு சாதாரணப் பாறை, மண்ணின் அளவிலிருந்து பெரிதும் வேறுபடுவதில்லை என்றே அந்த அமெரிக்கக் குறிப்பும் சொல்கிறது. சாம்பலிலுள்ள ஆர்சனிக், ஈயம், பாதரசம்தான் பெரிய கவலை. யுரேனியமும் குடிநீரில் கலந்தால் முதலில் பாதிப்பது சிறுநீரகத்தை; உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம்.

இதே வடசென்னையிலுள்ள மற்றோர் ஆலையான எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. ஆலையை மூடினால் அதன் சாம்பல் கணக்கு முடிந்துவிடாது. செப்பாக்கம் கிணற்று நீர், வீட்டுத் தூசு, ஆற்று வண்டல், இறால், நண்டு எல்லாவற்றையும் ஒரே ஆய்வில் அளந்து, முடிவுகளைக் குப்பந்தோறும் தமிழில் ஒட்ட வேண்டும். தாங்கள் குடிக்கும் நீரிலும் விற்கும் மீனிலும் என்ன இருக்கிறது என்று அறிவது அம்மக்களின் உரிமை.