நிற்கும் மின்னும் ஓடும் மின்னும்

தொண்டைமானாறு என்றதும் செல்வச்சந்நிதி முருகனுக்கு முன்பாக வேறொன்று நினைவுக்கு வருகிறவர்கள் இலங்கையின் வடக்கில் ஒரு கூட்டமே உண்டு. உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவர்கள் அவர்கள். தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் நடத்தும் தவணைப் பரீட்சையின் பௌதிகவியல் வினாத்தாளோடு மல்லுக்கட்டாமல் அந்த வகுப்பைக் கடப்பது அரிது. அந்தப் பாடத்திட்டத்தில் நிலைமின் புலம் ஓர் அலகு, ஓட்டமின்னியல் வேறோர் அலகு. இரண்டுக்கும் நடுவே காந்தப்புலம் வந்து உட்கார்ந்திருக்கிறது. கூலோமின் விதியில் கணக்குச் செய்து முடித்த மாணவர், சில மாதங்கள் கழித்து ஓமின் விதிக்கு வரும்போது புதிதாக ஏதோ ஒன்றைத் தொடங்குவதாகவே நினைக்கிறார். பரீட்சை எழுதாதவர்களின் எண்ணமும் ஏறத்தாழ இதுதான்: சீப்பிலும் இடிமின்னலிலும் இருப்பது ஒரு மின், மின்சார சபை கம்பியில் அனுப்புவது இன்னொரு மின். மின் ஒன்றுதான், அது நிற்கிறதா நகர்கிறதா என்பது மட்டுமே வேறுபாடு என்பதை ஆதாரங்களோடு காட்ட முடியும். அதைப் பிடித்துக்கொண்டால் மின்சுற்றைப் பற்றிய பல குழப்பங்கள் தாமாகவே விலகும்.

ஊரிலேயே இருக்கிற கடல்நீர்த் தடுப்பணையை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் வடமராட்சி நீரேரி, மறுபக்கம் கடல். மாரி மழையில் நீரேரி நிரம்பிக் கதவுகளும் மூடியிருந்தால் உள்ளே நீர்மட்டம் உயர்ந்து நிற்கும். தண்ணீர் நகரவில்லை, ஆனால் கதவின் மேல் அதன் நெருக்குதல் ஓயாமல் இருக்கிறது. கதவைத் தூக்கியதும் அதே தண்ணீர் கடலுக்குப் பாய்கிறது. இந்தத் தண்ணீரின் இடத்தில் மின்னேற்றத்தை வைத்துப் பாருங்கள். இரு பக்க மட்டங்களின் வித்தியாசம் அழுத்த வேறுபாடு. அதை வோல்ற்றில் அளக்கிறோம். ஒரு செக்கனில் பாய்கிற அளவு மின்னோட்டம், அது அம்பியரில். பாதை எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவு தடை. மூடிய கதவுதான் காவலி. உலர்ந்த தலைமயிரில் பிளாஸ்ரிக் சீப்பை இழுக்கும்போது மின் எதுவும் புதிதாகப் பிறப்பதில்லை. மயிரில் இருந்த இலத்திரன்களில் கொஞ்சம் சீப்புக்கு இடம் மாறுகின்றன, இரு பக்கமும் மட்டம் குலைகிறது, நடுவிலுள்ள காற்று கதவாக நின்று தடுக்கிறது. அந்தக் கதவுக்கும் ஓர் எல்லை உண்டு. உலர்ந்த காற்றில் சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 30,000 வோல்ற்று ஏறினால் காற்றே கடத்தியாகிவிடும். அப்போது தெறிப்பதைத்தான் பொறி என்கிறோம். வானத்தில் நடந்தால் மின்னல்.

இது வெறும் உவமை, ஆதாரம் எங்கே என்று கேட்கலாம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர்களே இதைத்தான் கேட்டார்கள். 1800இல் வோல்டா மின்கல அடுக்கைச் செய்து காட்டிய பிறகு, தேய்ப்பில் வரும் மின்னும் கலத்தில் வரும் மின்னும் ஒன்றா என்பது உண்மையான சர்ச்சையாக இருந்தது. மைக்கேல் பரடே 1833இல் வெளியிட்ட ஆய்வு அதை அளந்து தீர்த்தது. பெரிய தேய்ப்பு இயந்திரம் ஒன்றை 30 தரம் சுற்றி லெய்டன் சாடிகளில் மின்னேற்றத்தைச் சேர்த்தார். அதை ஈர நூல் ஒன்றின் வழியாக மெதுவாகக் கல்வனோமானிக்குள் விட்டு, ஊசி எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தார். பிறகு, துளி அமிலம் கலந்த நீரில் மெல்லிய பிளாற்றினக் கம்பியையும் நாகக் கம்பியையும் சிறிதளவு அமிழ்த்தினார். கைக்கடிகாரம் எட்டு முறை துடிக்கும் நேரத்தில், அதாவது சுமார் மூன்று செக்கனில், அந்த இரண்டு கம்பிகளும் அதே விலகலைக் கொடுத்தன. அந்த ஈர நூல்தான் இந்தப் பரிசோதனையின் சூட்சுமம் என்பேன். நின்ற மின்னை ஓட்டமாக்கியது அதுதான். 1876இல் ஹென்றி றோலண்ட் பேர்லினில் மறுபக்கமாக வந்தார். மின்னேற்றிய தட்டொன்றை வேகமாகச் சுழற்றினார். கம்பி இல்லை, கலம் இல்லை. ஒட்டிக்கொண்டிருந்த ஏற்றம் தட்டோடு சுற்றியது, அவ்வளவே. அருகில் தொங்கிய காந்த ஊசி, மின்னோட்டத்துக்கு விலகுவதுபோல விலகியது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. உலர்ந்த அறையில் செயற்கை இழைக் கம்பளத்தில் நடந்துவிட்டுக் கதவுப்பிடியைத் தொட்டால் 10,000 வோல்ற்றுவரை நம் உடலில் இருந்திருக்கலாம். சுருக்கென்று ஒரு குத்தல், அதோடு சரி. வீட்டு மின்சாரம் 230 வோல்ற்றுத்தான், ஆளைக் கொன்றுவிடுகிறது. ஒரே மின் என்றால் இது எப்படி? வோல்ற்று என்பது மட்டம், அளவு அல்ல என்பதே விடை. ஏற்றத்தைக் கூலோமில் அளக்கிறோம்; ஓர் அம்பியர் ஒரு செக்கன் பாய்ந்தால் கடப்பது ஒரு கூலோம். மனித உடல் 10,000 வோல்ற்றில் தாங்கி வைத்திருக்கும் ஏற்றம் கூலோமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். அது நொடிப்பொழுதுக்குள் தீர்ந்துவிடும். வீட்டு ட்ரிப் சுவிச் 30 மில்லியம்பியர் கசிவுக்குத் துண்டிக்கும்படி அமைந்தது. அந்த அளவு ஓட்டம் ஒரு செக்கன் பாய்ந்தால் போதும், கதவுப்பிடியில் பட்டதைப் போல 30,000 மடங்கு ஏற்றம் கடந்துவிடும். துண்டிக்க ஒன்றுமில்லாவிட்டால் தொடர்ந்து வந்துகொண்டேயிருக்கும். பொருளின் இயல்பு மாறவில்லை, பின்னால் நிற்கும் கையிருப்பு மாறியிருக்கிறது. இன்னுமொரு கணக்கு இதைவிட வியப்பானது. ஒரு மின்னல் கொண்டுவரும் ஏற்றம் பெரும்பாலும் சில கூலோம் முதல் சில பத்துக் கூலோம் வரைதான். 5,000 மில்லியம்பியர்-மணி என்று அச்சிட்ட கைப்பேசிப் பற்றரி, முழுதாகத் தீரும்வரை சுற்றவைப்பது 18,000 கூலோம். மின்னல் அழிப்பது, அந்தக் கொஞ்சத்தை மிகப் பெரிய அழுத்த வேறுபாட்டில் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் கொட்டிவிடுவதால்.

சுற்று என்ற கருத்துக்கு வரும்போது தடுப்பணை உவமை கைகொடுக்காது. நீரேரித் தண்ணீர் கடலோடு போய்விடும். சுற்றில் ஓடும் ஏற்றம் திரும்பி வந்தாக வேண்டும். 1990களில் யாழ் குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை என்றிருந்தபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்ட தலைமுறைக்கு இதை விளக்கவே தேவையில்லை. டைனமோவிலிருந்து சைக்கிள் லைற்றுக்குப் போவது ஒரே ஒரு வயர். திரும்பும் வழி சைக்கிளின் இரும்புச் சட்டம். பெயின்ற்றோ துருவோ நடுவில் புகுந்தால் லைற் எரியாது. அந்த டைனமோ ஏற்றத்தை உற்பத்தி செய்யவில்லை. செப்புக் கம்பிக்குள் ஏற்கெனவே இருந்த இலத்திரன்களைத் தள்ளியது, தள்ளும் திசையையும் மாற்றி மாற்றித் தள்ளியது. றேடியோவுக்கு நடுவில் ஓர் இருவாயி தேவைப்பட்டது அதனால்தான். 6 வோல்ற்று, 3 வாற்று லைற்றுக்குள் அரை அம்பியர் போனால் அரை அம்பியர் வெளியே வரும். செலவானது சக்தி, ஏற்றம் அல்ல.

ஒரு சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியில் ஒரே திசையில் ஓர் அம்பியர் ஓடும்போது இலத்திரன்கள் மணித்தியாலத்துக்கு ஒரு சாணுக்குச் சற்று அதிகமாகத்தான் நகர்கின்றன. அப்படியானால் சுவிச்சைப் போட்டதும் விளக்கு எப்படி எரிகிறது? கம்பியின் மேற்பரப்பு நெடுகிலும் மிகச் சிறிய அளவில் ஏற்றங்கள் படிந்து நிற்கின்றன. சுவிச் மூடியதும் அவற்றின் ஒழுங்கு ஒளியின் வேகத்துக்கு நெருங்கிய வேகத்தில் மாறி, கம்பிக்குள் எங்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தள்ளும் புலத்தை உண்டாக்குகிறது. வளைவில் இலத்திரன் வளைந்து போவதும் இந்த மேற்பரப்பு ஏற்றங்களால்தான். ஓட்டத்தை நடத்துவதே நிற்கும் மின் என்றாகிறது. இரண்டுக்கும் விதிகள் வேறு, தனித்தனியாகக் கற்பிப்பதே வசதி என்று ஆசிரியர்கள் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். பக்கங்கள் பிரிந்திருக்கட்டும், இந்த இணைப்பு விடுபட்டுப் போகக்கூடாது.

விடுபட்டால் வரும் விளைவு பரீட்சைப் புள்ளியோடு நிற்பதில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டோம் என்று நம்பி மின்சாதனத்தைத் திறக்கிறவரை, உள்ளே ஏற்றத்தோடு நிற்கும் கண்டென்சர் தாக்குகிறது. கார்த்திகை மழையில் வகுப்பறையில் சீப்புப் பரிசோதனை பிழைத்துப்போவது, ஈரப் படலத்தின் வழியே ஏற்றம் மெல்லிய ஓட்டமாகக் கசிந்துவிடுவதால். கடற்கரையோர மின்கம்பங்களில் காவலிப் பீங்கான்மேல் படியும் உப்பு, ஈரம் பட்டதும் செய்வதும் அதே வேலை. வீட்டு ஏர்த் கம்பியும் இடிதாங்கியின் அடிக்கம்பியும் மண்ணில் இறங்குவது ஒரே காரணத்துக்காக: ஏற்றத்துக்குத் தடை குறைந்த வழி வேண்டும். காய்ந்த மணலில் அந்தத் தடை பல மடங்கு கூடும். ஆகவே ஏர்த் தடையை மாரியில் அளந்து திருப்திப்படுவதில் பயனில்லை. புரட்டாதியில் அளக்க வேண்டும். ஐப்பசியின் முதல் இடி முழங்கும்போது மண் ஆழத்தில் இன்னும் நனைந்திருக்காது.