ஓசூர்ல மாடி சோலார்: 3 கிலோவாட்டா, 2 போதுமா, பேட்டரி வேணுமா?



"சார், 3 கிலோவாட் சோலார், கூடவே பேட்டரி, எல்லாம் ஈஎம்ஐ-ல. போடலாமா?" ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் வேலை பார்க்கிறவங்க அடிக்கடி கேட்கிற கேள்வி இது. கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க.

கம்பெனி பில்லும் வீட்டு பில்லும்

சிப்காட்ல இருக்கிற பெரிய தொழிற்சாலைகளுக்கு உயர் அழுத்த இணைப்பு. காலை 6 முதல் 10, மாலை 6 முதல் 10 வரை எடுக்கும் மின்சாரத்துக்கு 25% கூடுதல் கட்டணம். இரவு 10 முதல் காலை 5 வரை 5% தள்ளுபடி. காரணம் எளிது: மதியம் சோலார் கொட்டுது, சாயங்காலம் சூரியன் போனதும் தேவை ஏறுது. அந்த நேரத்துல மின்சாரம் கொடுக்கிற எதுவும் கிரிட்டுக்குத் தங்கம். மாடி சோலாரோட சேர்ந்த பேட்டரி, இரவு 10 மணிக்கு மேல சார்ஜ் ஆகிற ஸ்கூட்டர், எல்லாமே உதவும். அந்த ஸ்கூட்டர்களை ஓசூர்ல ஏத்தரும் போச்சம்பள்ளியில ஓலாவும் தயாரிக்கிறாங்க.

ஆனா உங்க வீட்டு பில் நேரத்தைப் பார்க்கிறதில்லை, யூனிட்டை மட்டும்தான் பார்க்குது. நீங்க செய்யுற உதவிக்குக் காசு இல்லை. அதனால முடிவை ஸ்லாப் கணக்கை வச்சுதான் எடுக்கணும்.

ஒரு உதாரணம்

ரெண்டு மாசத்துக்கு 600 யூனிட் ஓடுற வீடு. 2024 ஜூலை கட்டணப்படி பில் சுமார் 2,900 ரூபாய். 1 கிலோவாட் சோலார் ஒரு நாளைக்கு சுமார் 4 யூனிட் தரும். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000, மூணாவதுக்கு 18,000. ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். விலை 2 லட்சம், 1.4 லட்சம்னு வச்சுக்குவோம்.

- 3 கிலோவாட்: மானியம் போக 1.22 லட்சம். பில் கிட்டத்தட்ட பூஜ்யம். முதல் திரும்ப 7 வருஷம்.
- 2 கிலோவாட்: மானியம் போக 80,000. ரெண்டு மாசத்துல 480 யூனிட் வரும். மிச்சம் 120. அதில் முதல் 100 இலவசம்! பில் சொற்பம். முதல் திரும்ப 5 வருஷத்துக்குள்ள.

மூணாவது கிலோவாட் என்ன செய்யுது? ஏற்கெனவே இலவசமா வர்ற யூனிட்டுக்கு நீங்க காசு கொடுக்கிறீங்க, அவ்வளவுதான்.

உங்க பில் 300 யூனிட்தான்னா? வருஷத்துக்கு மிச்சம் 4,000 ரூபாய் சொச்சம். அந்தப் பணத்தை ஆர்டி-யில போடுங்க, நிம்மதியா தூங்குங்க.

பேட்டரி?

நெட் மீட்டர்ல, எடுத்ததுல இருந்து கொடுத்ததைக் கழிச்சுதான் பில். அதாவது, பில்லைப் பொறுத்தவரை கிரிட்டே உங்க பேட்டரி. பவர் கட் பெரிய தொல்லையா இருந்தா வாங்கலாம். பில் குறையும்னு நம்பி வாங்காதீங்க. மத்திய அரசின் 2023 விதித் திருத்தம், ஸ்மார்ட் மீட்டர் வந்த வீடுகளுக்கும் நேரத்துக்கு ஏத்த கட்டணம்னு சொல்லுது: சோலார் நேரத்துல குறைஞ்சது 20% மலிவு, உச்ச நேரத்துல கூடுதல். அது உங்க பில்லுக்கு வரும் அன்னைக்கு இந்தக் கணக்கை மறுபடி போடலாம்.

விற்பவர் சொல்லும் ரெண்டு வரி "சலுகை"

"40% தேய்மானம் கிடைக்கும்" என்பது தொழில் செய்பவர்களுக்கு. சம்பளக்காரர் வீட்டு மாடிக்குக் கிடையாது. மின் வாகனக் கடன் வட்டிக்கான 80ஈஈபி கழிவு, 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடனுக்கு மட்டும். இப்ப வாங்குற ஸ்கூட்டருக்கு இல்லை.

போடுறதா இருந்தா

- பர்சனல் லோன் வேண்டாம். இந்தத் திட்டத்துக்குன்னே பொதுத்துறை வங்கிகள் 3 கிலோவாட் வரை அடமானமில்லா கடன் தருது.
- இந்தியாவில் தயாரான பேனலுக்குத்தான் மானியம். கொட்டேஷன்ல எழுதி வாங்குங்க.
- அத்திப்பள்ளி பக்கம் குடியிருக்கீங்களா? அது கர்நாடகா. கிருஹ ஜோதியில 200 யூனிட் வரை இலவசம் இருக்கு, கணக்கே வேற.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் கடைசி ஆறு ஈபி பில்லை எடுங்க. 500-ஐ எத்தனை முறை தாண்டியிருக்குன்னு எண்ணிப் பாருங்க. கமெண்ட்ல அந்த எண்ணைப் போடுங்க, பேசுவோம்.