மரக்கால் யார் கையில்?

கணக்கு என்றாலே கசக்கிறது பிள்ளைகளுக்கு. ஏன் கசக்கிறது? கேட்டுப் பாருங்கள். "மூளை போதாது" என்பார் ஒருவர். "அதெல்லாம் எல்லாருக்கும் வருமா?" என்பார் இன்னொருவர். எழுத்து எல்லாருக்கும் வராது என்று ஒரு காலத்தில் அடித்துப் பேசியவர்களின் வாரிசுகள்தாம் இவர்கள்! எழுத்து வந்தது. உழவன் மகனுக்கு வந்தது. சலவைத் தொழிலாளியின் மகளுக்கு வந்தது. கதவு திறந்தது, வந்தது. கணக்கும் வரும், கதவைத்தான் திறக்க வேண்டும்.

அந்தக் கதவைத் திறக்கும் திறவுகோல் ஒன்றைப் பற்றித் தோழர்களுடன் பேச விரும்புகிறோம். கணக்கைக் கற்பிக்கும்போது அதன் வரலாற்றையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். பட்ட வகுப்பு வரையில் காத்திருக்க வேண்டாம். பின்னம் என்ற சொல்லைப் பிள்ளை முதன்முதலாகக் கேட்கிற நாளிலேயே தொடங்க வேண்டும். இதுவே நம் வாதம்.

"பாடத்தை முடிக்கவே நேரம் இல்லை, இதில் வரலாறு வேறா?" என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வரலாறு பாடத்தின் மேல் ஏற்றும் சுமையாக வர வேண்டியதில்லை. பாடத்தின் உள்ளே ஏற்றிவைக்கும் விளக்காக வரலாம். எப்படி என்று காட்டுகிறோம்.

மாவும் காணியும்

ஆழ்வார்குறிச்சியை எடுத்துக்கொள்வோம். மேற்கே மலை, ஊரை ஒட்டிக் கடனாநதி. அந்த ஆறு திருப்புடைமருதூரில் பொருநையோடு கலக்கிறது. நெல்லை மாவட்டத்தில் இருந்த ஊர், 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. வயலில் நெல், வீட்டுத் திண்ணையில் பீடிச் சுளகு. இந்த ஊர்ப் பிள்ளைக்குப் பின்னத்தை எங்கிருந்து தொடங்குவது? எங்கோ ஓர் அயல்நாட்டு மேசையில் வட்டமாக வெட்டிவைத்த பணியாரத்திலிருந்தா? தேவையில்லை. அவன் பாட்டியின் பேச்சிலிருந்தே தொடங்கலாம்.

அரை, கால், அரைக்கால் — இவை இன்றும் வழக்கில் உள்ளவை. அரைக்காலில் பாதி மாகாணி. வீசம் என்றும் சொல்வார்கள். 16இல் ஒன்று. இந்தச் சொல்லைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள்: மா, காணி. மா என்றால் 20இல் ஒன்று; காணி என்றால் 80இல் ஒன்று. இரண்டையும் கூட்டுவோம். ஒன்றை 80 கூறாக்கினால் மா என்பது 4 கூறு. காணி என்பது ஒரு கூறு. ஆக 5 கூறு. 80இல் 5 என்றால் 16இல் ஒன்று! மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி. சொல்லே கணக்கு, பெயரே விடை. "பின்னங்களைக் கூட்டுக" என்று பாடநூல் கட்டளையிடுகிறது. கூட்டிவைத்த விடையை வாயில் வைத்துக்கொண்டே நம் முன்னோர் நடமாடியிருக்கிறார்கள்.

அடுத்தது முந்திரி. 320இல் ஒன்று. ஏன் 320? பாதி பாதியாகப் பிளந்துகொண்டே போனால் 16இல் வந்து நிற்கிறோம், அது மாகாணி. இருபதாகப் பகுத்தால் மா. 16ஐ 20ஆல் பெருக்குங்கள்: 320. மாகாணிக்கு 20 முந்திரி. மாவுக்கு 16 முந்திரி. இரண்டு வழியில் பங்கு போட்டவர்களும் சண்டையின்றிச் சந்திக்கும் இடம் முந்திரி. இதைத்தான் இன்று பொதுப் பகுதி என்கிறோம். முந்திரியையும் 320ஆக உடைத்துக் கீழ்முந்திரி என்றார்கள். ஒன்றில் 1,02,400இல் ஒரு பங்கு.

"பழங்கதை, இன்று எதற்கு?" என்று கேட்கலாம். 1957 ஏப்ரல் முதல் நாள் பதின்மக் காசு வரும் வரையில் ரூபாய்க்கு 16 அணா; அதாவது அணா என்பது ரூபாயில் மாகாணி. தாத்தா எண்ணிய காசுக்கும் பேரன் எண்ணும் காசுக்கும் நடுவே நடந்தது என்ன என்று சொல்லித்தந்தால், பேரனுக்குத் தாத்தாவும் புரிவார். தசமப் புள்ளியும் புரியும்.

சுளகின் மேல் ஒரு கணக்கு

இன்றைக்கே வருவோம். கடையம், முக்கூடல், ஆழ்வார்குறிச்சி வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்கள் ஏராளம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கட்டுக்கு 25 பீடி என்றால் ஆயிரத்துக்கு 40 கட்டு. கடையில் ஒரு கட்டைக் கழித்துத் தள்ளிவிட்டால் அது என்ன பின்னம்? 40இல் ஒன்று. பழைய தமிழ்ப் பெயர் அரைமா! இரண்டு கட்டு தள்ளினால் மா. அரைக் கட்டு என்றால் காணி. முந்திரி என்றால் மூன்றே அரைக்கால் பீடி.

நாளைக்கு ஓர் ஆயிரம் சுற்றுகிறவளுக்கு நாள்தோறும் ஒரு கட்டுக் கழிந்தால் 40 நாளில் ஆயிரம் பீடி கழிந்துபோகிறது. ஒரு முழுநாள் உழைப்பு ஓசையின்றிப் போகிறது. இதைத் தாய்க்குச் சொல்ல ஐந்தாம் வகுப்புப் பிள்ளையால் முடியும். சொல்லும் அந்த நாளில் அவனுக்கு அரைமா ஏட்டுச் சொல் அல்ல. தாயின் விரல் நோவு. அந்தப் பின்னம் அவனுக்கு மறக்குமா?

நெல் இலக்கமும் அப்படித்தான். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி — அதுதான் மரக்கால். இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். நெல்லைச் சீமையிலோ 21 மரக்கால் ஒரு கோட்டை. ஒரு மரக்காலுக்கு 32 உழக்கு. அளக்கும் மரக்காலில் ஓர் உழக்குக் குறைந்தால், 32 மரக்கால் கூலி வாங்குகிறவன் 31 மரக்காலைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறான். கொடுக்க ஒரு மரக்கால், வாங்க ஒரு மரக்கால் என்று உழவர்கள் குமுறினார்களே, அந்தக் குமுறலுக்குள் இருந்தது வகுத்தல் கணக்கு. குமுறத் தெரிந்தது, வகுக்கத் தெரியவில்லை. தெரியவிடவில்லை!

கல்லிலே கணக்கு

ஆழ்வார்குறிச்சிக்கு அடுத்துள்ள அம்பாசமுத்திரத்தில் வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியது. கோயிலுக்கு 290 காசு முதலாக வைக்கிறான் மன்னன். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் வட்டி. ஆக 580 கலம். மூன்றாம் வகுப்புப் பெருக்கல்! கலத்துக்கு 12 குறுணி என்ற வாய்பாட்டை வைத்தால் 6,960 குறுணி.

இந்தக் கல்லைக் காட்டிப் பெருக்கலைக் கற்பித்தால் பிள்ளை பெருக்கலோடு நிற்கமாட்டான். காசு யாருடையது? நெல்லை விளைவித்தவர் யார்? அளந்தவர் யார்? எழுதியவர் யார்? — கேட்பான். கேட்கட்டும். கேள்வி பிறக்கும் இடத்தில்தான் கல்வி பிறக்கிறது.

திண்ணையில் யார் இருந்தார்கள்?

திண்ணைப் பள்ளிகளில் பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும் எஞ்சுவடியும் பிள்ளைகள் வாயில் தண்ணீர்பட்ட பாடாக இருந்தன. மணலில் விரலால் எழுதினார்கள். சட்டாம்பிள்ளை சொல்லச் சொல்லச் சேர்ந்து சொன்னார்கள். சென்னையிலிருந்த ஆண்ட்ரூ பெல் இந்த முறையைக் கண்டு, 1797இல் இலண்டனில் அதைப்பற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்து ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் அது 'மதராஸ் முறை' என்றே பெயர் பெற்றது. பெருமைதான், மறுக்கவில்லை.

ஆனால் பெருமையோடு முடித்துவிட்டால் அது பாதி வரலாறு. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் விசாரணைக்கு ஆணையிட்டு, 1826இல் முடிவை எழுதினார். சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். மக்கள் தொகையோ ஒரு கோடியே இருபத்தெட்டு இலட்சத்துக்கும் மேல்! 67 பேருக்கு ஒருவர். அந்த மாணவர்களிலும் பெண்கள் ஐயாயிரத்துக்கும் குறைவு. திண்ணையில் அமர்ந்தவன் படித்தான். திண்ணையில் ஏறவே உரிமை இல்லாதவன்? அவன் நெல் அடித்தான், மூட்டை சுமந்தான், அளந்துபோட்டதை வாங்கிக்கொண்டான். கணக்கு எழுதும் வேலை தகப்பனிடமிருந்து மகனுக்கு என்று போய்க்கொண்டிருந்தது. அந்தப் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் தமிழ்நாட்டில் ஒழிந்தது 1980இல்தான்.

மலைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். கேரளத்தில் 14, 15, 16ஆம் நூற்றாண்டுகளில் மாதவனும் அவன் வழிவந்தவர்களும் வட்டத்தின் சுற்றளவை முடிவில்லாத தொடராக எழுதிக் கண்டார்கள். ஐரோப்பா அதைக் காணும் முன்பே கண்டார்கள். சியேஷ்டதேவர் அதை 'யுக்திபாஷா' என்ற நூலில் மலையாளத்திலேயே, காரணம் காட்டி எழுதிவைத்தார். எவ்வளவு பெரிய அறிவு! ஆனால் சில குடும்பங்களின் ஓலைகளுக்குள் முடங்கிக் கிடந்தது. அறிவு பூட்டிய வீட்டில் இருந்தால் ஊருக்கு வெளிச்சம் ஏது?

உலகம் முழுவதும் இதே கதைதான். எகிப்தில் ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன் ஆமோசு என்ற எழுத்தன் படியெடுத்த ஏட்டில் தொடக்கக் கணக்குகளே பத்துப் பேருக்கு ரொட்டி பங்கிடும் கணக்குகள். 628இல் பிரம்மகுப்தர் சுழியத்துக்கும் குறை எண்ணுக்கும் விதி சொன்னபோது, கூட்டல் எண்ணைச் செல்வம் என்றார். குறை எண்ணைக் கடன் என்றார். கடன் என்றால் நம் வீட்டுப் பிள்ளைக்கு விளக்கம் வேண்டுமா? கையில் முந்நூறு, கடைக்காரரிடம் ஐந்நூறு கடன் என்றால் மிச்சம் என்ன என்று கேளுங்கள். "இருநூறு கடன்" என்பான் உடனே. அதுதான் குறை எண். அந்த எண் முறை அராபியர் வழியாக ஐரோப்பா சென்றது. 1202இல் பிபோனாச்சி அதை அங்கே விளக்கி எழுதினார். எண்ணுக்கு எல்லை இல்லை. எந்த ஓர் இனமும் தனித்துச் சமைத்ததல்ல கணக்கு.

உரசிப் பார்ப்போம்

இங்கே நம் தோழர்களுக்கும் ஒரு சொல் உண்டு. கசப்பாக இருந்தாலும் கேளுங்கள்.

பித்தாகரசுக்கு முன்பே தமிழர் கண்டது என்று மேடைகளில் ஒரு விதி முழங்கப்படுகிறது. செங்கோண முக்கோணத்தில் நீண்ட பக்கத்தை எட்டுக் கூறாக்கி, ஒரு கூறு தள்ளி, குறுகிய பக்கத்தில் பாதியைக் கூட்டினால் கர்ணம் வந்துவிடும் என்பது விதி. கை தட்டுகிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தோமா? நான்கும் மூன்றும்: மூன்றரையும் ஒன்றரையும் ஐந்து. சரி! பன்னிரண்டும் ஐந்தும்: பத்தரையும் இரண்டரையும் பதின்மூன்று. சரி! இருபத்துநான்கும் ஏழும்? இருபத்தொன்றும் மூன்றரையும் இருபத்துநாலரை. உண்மை விடை 25. அரை குறைகிறது! பக்கங்கள் 4க்கு 3 அல்லது 12க்கு 5 என்ற அளவில் இருந்தால் மட்டுமே இந்த விதி துல்லியம். மற்ற இடத்தில் ஏறத்தாழத்தான். தச்சுப் பட்டறையில் கை கொடுக்கும் குறுக்கு வழி என்று சொல்லுங்கள், ஏற்கிறோம். பித்தாகரசை வென்றது என்று சொல்லாதீர்கள். வகுப்பிலுள்ள பத்து வயதுப் பெண் போட்டுப் பார்த்துச் சிரிப்பாள்.

அதே உரைகல்லில் எல்லாரையும் உரசுவோம். 'வேதக் கணிதம்' என்று ஆரவாரம் செய்கிறார்களே! அந்நூலை எழுதியவர் 1884இல் திருநெல்வேலியில் பிறந்து பூரி சங்கராச்சாரியாராக விளங்கிய பாரதி கிருஷ்ண தீர்த்தர். நூல் வெளிவந்தது அவர் மறைந்த பின், 1965இல். அதிலுள்ள சூத்திரங்கள் அறியப்பட்ட அதர்வவேதப் பின்னிணைப்புகளில் காணப்படவில்லை என்று நூலின் பதிப்பாசிரியரே முன்னே எழுதியிருக்கிறார். விரைவாகப் பெருக்கும் உத்திகள் சில அதில் உண்டு, வேண்டியவர் கற்கட்டும். ஆனால் இருபதாம் நூற்றாண்டுச் சரக்குக்கு வேதகால முத்திரை எதற்கு?

காரிநாயனாரின் 'கணக்கதிகாரம்' பலாப்பழத்தை அறுக்காமலே சுளை எண்ண வழி சொல்கிறது: காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முள் நூறு என்றால் சுளை 120. வணங்கவும் வேண்டாம், எள்ளவும் வேண்டாம். மலையடிவாரத்தில் பலாவுக்கா பஞ்சம்? பத்துப் பழம் கொண்டுவந்து, முள்ளை எண்ணி, அறுத்துச் சுளையை எண்ணிப் பிள்ளைகள் எழுதட்டும். விதி தேறினாலும் பாடம், தோற்றாலும் பாடம். மிச்சம் சுளை!

செய்ய வேண்டியது

பாடநூல் மாறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆழ்வார்குறிச்சியில் பரமகல்யாணிக் கல்லூரி இருக்கிறது. அப்படி ஒவ்வொரு வட்டாரத்திலும் கல்லூரி உண்டு. அங்கே படிக்கும் முதல் தலைமுறை இளைஞர் உண்டு. நம் படிப்பகங்களில் ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் போதும். ஒரு மரக்கால், ஒரு படி, ஓர் உழக்கு தேடி எடுத்து வையுங்கள், பரணில் கிடக்கும். எஞ்சுவடி சொல்லத் தெரிந்த முதியவர் இருந்தால் அழைத்து உட்காரவைத்துக் கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள். பீடி சுற்றும் தாய்மாரையும் அழையுங்கள். பிள்ளை அளக்கட்டும், கொட்டட்டும், மறுபடி அளக்கட்டும். அதன்பின் சிலேட்டை எடுக்கட்டும்.

கணக்கு வானத்திலிருந்து விழவில்லை. வயலிலும் களத்திலும் கடையிலும் மனிதர் கையால் உண்டானது. இதை முதல் நாளே அறிந்த பிள்ளை, "எனக்கு வராது" என்று சொல்லமாட்டான். தன் பாட்டன் சுமந்த நெல்லிலிருந்து பிறந்த கணக்கு தனக்கு வராமல் யாருக்கு வரும்?

நெல் நம் கையில் விளைந்தது. மரக்கால் பிறர் கையில் இருந்தது. மரக்காலையும் பிள்ளைகள் கையில் கொடுப்போம் தோழர்களே. கூடவே, அது யார் யார் கை மாறி வந்தது என்ற கதையையும்!