மலையகமும் உயர்கல்வியும் – 9: எழுதக் கற்பிக்கும் துணைப்பாடம்

தெல்தோட்டையிலிருந்து கலகா வழியாகக் கண்டிக்குச் செல்லும் வீதி பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தை ஊடறுத்துச் செல்வதால், அவ்வூர்த் தோட்டக் குடியிருப்புகளிலும் அயற்கிராமங்களிலும் வளரும் பிள்ளைகளுக்கு அப்பல்கலைக்கழகத்தின் கட்டடங்கள் பள்ளிப் பருவத்திலேயே கண்ணுக்குப் பழகிவிடுகின்றன. அவர்களுள் உயர்தரப் பரீட்சையில் தேறிக் கலைப்பீடத்துக்குச் செல்வோர் தமிழ், வரலாறு, புவியியல், பொருளியல் ஆகிய துறைகளைத் தமக்குரியனவாகக் கருதும் அளவுக்கு ஆங்கிலத்துறையைத் தமக்குரியதாகக் கருதுவதில்லை. இத்தயக்கம் மாணவரின் ஆற்றல் குறைவிலிருந்து தோன்றியதன்று. பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பிக்கப்பட்டு வந்த முறையின் வரலாற்றிலேயே அதன் காரணம் அடங்கியிருக்கிறது. அந்த வரலாற்றையும், பிற துறைகளைத் தலைமைப் பாடமாகக் கொண்ட மாணவருக்கு ஆங்கில எழுத்தைத் துணைப்பாடமாக வழங்குவதன் தேவையையும் இவ்வாரப் பகுதி ஆராய்கிறது.

முதலில் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். இளமாணிப் பட்டப்படிப்பில் ஒரு மாணவர் மிகுந்த நேரம் செலவிட்டு ஆழமாகக் கற்கும் துறை தலைமைப் பாடம் எனப்படும். அதனோடு சேர்த்து, வேறொரு துறையிலிருந்து ஒழுங்குபடுத்தப்பட்ட சில பாடநெறிகளைக் கற்றுப் பெறும் தகுதி துணைப்பாடம் எனப்படும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் துணைப்பாடம் பொதுவாக ஐந்து அல்லது ஆறு பாடநெறிகளைக் கொண்டதாக அமைகிறது. எழுத்துப் பிரிவு என்பது இதனின்றும் வேறானது: ஆங்கிலத்தையே தலைமைப் பாடமாகக் கொண்டவர், அத்துறைக்குள் இலக்கிய வரலாற்றுக்குப் பதிலாகக் கதை, கவிதை, கட்டுரை ஆகியவற்றை எழுதும் பயிற்சியை மையமாக வைத்துக் கற்பதற்கு வகுக்கப்பட்ட வழி அது. இலங்கைக் கலைப்பீடங்களில் நெடுங்காலம் நிலவிய பொதுப் பட்டமும் சிறப்புப் பட்டமும் இவற்றோடு முழுமையாகப் பொருந்துவன அல்ல. பொதுப் பட்டத்தில் மூன்று பாடங்கள் ஏறத்தாழச் சமமான இடம் பெற்றன. சிறப்புப் பட்டத்தில் ஒரே துறை நான்கு ஆண்டுப் படிப்பின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. எனவே ஒரு துறையை ஆழமாகவும் மற்றொன்றைப் பயன்படுமளவுக்கும் கற்கும் நடுவழி இங்கு வேரூன்றுவதற்குத் தடை இருந்தது.

வாசிக்கக் கற்பித்த துறை

1921-இல் கொழும்பில் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி, லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தம் செய்தது. 1942-இல் ஐவர் ஜெனிங்ஸைத் துணைவேந்தராகக் கொண்டு இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1952-இல் அதன் கலைப்பீடம் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. இக்காலத்தின் பிற்பகுதியில் ஆங்கிலத்துறையின் திசையை வகுத்தவர் ஈ. எப். சி. லுடவைக். கேம்பிரிட்ஜில் ஆய்வுப் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், 1956-இல் பதவியிலிருந்து விலகும்வரை, நூலைப் பற்றிய செய்திகளை மனனம் செய்வதை விடுத்து நூலின் சொற்களையே கூர்ந்து வாசிக்கும் பழக்கத்தை மாணவரிடம் வளர்த்தார். ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் உருவாக்கிய செய்முறைத் திறனாய்வு அப்பழக்கத்துக்கு அடித்தளமாயிற்று. எழுதியவரின் பெயரும் காலமும் மறைக்கப்பட்ட ஒரு கவிதையை மாணவர் கையில் கொடுத்து, அதன் பொருளையும் தொனியையும் அதன் சொற்களைக் கொண்டே விளக்கச் செய்வது அம்முறையின் சாரம்.

இதனால் விளைந்த நன்மை பெரிது. இலங்கையின் அறிவுலகத்துக்கு அத்துறை வழங்கியவர்களின் வரிசை நீளமானது: மானிடவியலில் உலகப் புகழ்பெற்ற கணநாத் ஒபேசேகர தம் முதற் பட்டத்தை ஆங்கிலத்திலேயே பெற்றார், 1965-இல் ஆங்கிலப் பேராசிரியரான ஆஷ்லி ஹல்பே கவிஞராகவும் அறியப்பட்டார், பேராதனையில் கற்று அங்கேயே கற்பித்த யாஸ்மின் குணரத்ன, 1970-இல் இலங்கை ஆங்கில எழுத்துக்கென ஓர் இதழைத் தொடங்கினார். ஆயினும் இவர்களை எழுத்தாளராக்கிய பயிற்சி பெரும்பாலும் பாடத்திட்டத்துக்கு வெளியிலேயே நிகழ்ந்தது என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். விரிவுரை மண்டபத்தில் மாணவர் வாசிக்கக் கற்றனர். எழுதுவதை நாடகச் சங்கத்திலும் சிற்றிதழ்களிலும் விடுதி நண்பர் வட்டங்களிலும் கற்றனர். வீட்டிலும் பள்ளியிலும் ஆங்கிலம் புழங்கி வளர்ந்தவருக்கு அவ்வட்டங்கள் இயல்பாகத் திறந்தன. மற்றவருக்கு அவற்றின் இருப்பே எட்டவில்லை. பாடத்திட்டத்தில் இடம்பெறும் ஒன்றைக் கேட்டுப் பெறும் உரிமை எல்லா மாணவருக்கும் உண்டு. நட்பு வட்டத்தில் கிடைக்கும் ஒன்றுக்கு அத்தகைய உரிமை எவருக்கும் இல்லை.

1960-க்குப் பின்

1960 முதல் கலைத்துறைப் பாடங்கள் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கப்படத் தொடங்கியமை இலங்கை உயர்கல்வியின் மிகப்பெரிய திருப்பங்களுள் ஒன்று. நகரத்து ஆங்கிலப் பள்ளிகளைக் காணாத கிராமத்துப் பிள்ளைகளும், காலந்தாழ்த்தியேனும் தோட்டத்துப் பிள்ளைகளும், பல்கலைக்கழக வாயிலைத் தாண்டுவதற்கு அம்மாற்றமே வழிசெய்தது என்பதால், அதனை இழப்பாகக் கருதும் எந்த வாதமும் ஏற்கத்தக்கதன்று. ஆனால் அதன் விளைவாக ஆங்கிலம் பல்கலைக்கழகத்துக்குள் இரு கூறாகப் பிரிந்தது. இலக்கியமும் மொழியியலும் ஆங்கிலத்துறையில், உயர்தரத்தில் ஆங்கிலத்தை ஒரு பாடமாகக் கற்று வந்த சிலருக்குரியனவாக நின்றன. ஏனைய பெருந்தொகையினருக்கு, ஆங்கில மொழி கற்பித்தல் அலகு எனப்படும் தனிப்பிரிவு, பாடநூல்களை விளங்கிக்கொள்வதற்குத் தேவையான அடிப்படை ஆங்கிலத்தைக் கற்பித்தது.

இப்பிரிவினை சமூகத்தில் ஆங்கிலத்துக்கு இருந்த அதிகாரத்தைப் பல்கலைக்கழகத்துக்குள்ளும் நிலைநிறுத்தியது. சிங்கள மாணவர் ஆங்கிலத்தைத் தம்மை வெட்டும் வாளாகக் குறிப்பிட்டு வந்ததன் சமூகப் பொருளைப் பேராதனையின் மொழியியலறிஞர் திரு கந்தையா 1984-இல் வெளியான ஒரு கட்டுரையில் விரிவாக ஆராய்ந்தார். மலையகத் தமிழ் மாணவரின் நிலையும் இதனின்றும் வேறுபட்டதன்று. க.பொ.த. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் எல்லோருக்கும் பொதுவான தாளாக இருந்தபோதிலும், அதன் புள்ளி பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியில் சேர்வதில்லை. ஆங்கிலத்தை ஒரு முதன்மைப் பாடமாகக் கற்பிக்கும் ஆசிரியரோ தோட்டப்புறப் பாடசாலைகளில் அரிது. ஆகவே இலக்கியத் துறைக்குள் நுழையும் தகுதி அம்மாணவருக்குப் பள்ளியிலேயே மறுக்கப்படுகிறது. பல்கலைக்கழகத்தில் அவருக்குக் கிடைக்கும் ஆங்கிலமோ பிறர் எழுதியதை விளங்கிக்கொள்வதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. சிலருக்குரிய இலக்கியத்துக்கும் பலருக்குரிய அடிப்படை மொழிக்கும் இடையிலான இந்த அகன்ற வெளியிலேயே எழுத்துத் துணைப்பாடம் அமைய வேண்டும்.

பிறநாட்டு அனுபவம்

எழுதுவதைப் பல்கலைக்கழகப் பாடமாக்கும் எண்ணம் புதியதன்று. ஹார்வர்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே முதலாண்டு மாணவருக்குக் கட்டுரை எழுதும் பாடம் கட்டாயமாக்கப்பட்டது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936-இலும், இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழகத்தில் 1970-இலும் படைப்பெழுத்துக்கான பட்டமேற்படிப்புகள் தோன்றின. பின்னதில் பயின்ற கசுவோ இஷிகுரோ நோபல் பரிசு பெற்றவர். இவ்வகுப்புகளின் அடிப்படை முறை எழுத்துப் பட்டறை எனப்படும். ஒரு மாணவரின் முதற்படியை வகுப்பிலுள்ள அனைவரும் முன்கூட்டியே வாசித்து வந்து, அதன் வலிமையையும் தளர்ச்சியையும் அவர் முன்னிலையில் விவாதிக்க, அவர் அதனைத் திருத்தி மீண்டும் எழுதுவதே அம்முறை. எழுத்து பிறவி வரம் என்னும் நம்பிக்கை அங்கு செல்லுபடியாவதில்லை. திருத்தி எழுதும் உழைப்பே அங்கு கற்பிக்கப்படுகிறது.

ஈழத்தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த வி. வி. கணேசானந்தனின் வழி இதற்குத் தக்க சான்றாகும். 2008-இல் வெளியான அவருடைய முதல் நாவல், ஹார்வர்டில் இளமாணி மாணவியாக இருந்தபோது எழுத்தாளர் ஜமைக்கா கின்கெய்டின் வழிகாட்டலில் இறுதியாண்டு ஆய்வேட்டின் பகுதியாக எழுதத் தொடங்கியதாகும். அதன்பின் அயோவாவிலும் பயின்ற அவர், யுத்தகால யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்டு எழுதிய இரண்டாம் நாவலுக்காக 2024-இல் பிரித்தானியாவின் மகளிர் புனைகதைப் பரிசைப் பெற்றார். ஈழத்தமிழரின் அண்மைக்கால வரலாறு உலக வாசகரின் கைக்குச் சென்றதில், இளமாணிப் பருவத்திலேயே எழுத்தைப் பாடமாகக் கற்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்திருந்தமைக்கும் பங்குண்டு.

எழுதியவர் வசமாகும் வரலாறு

தெல்தோட்டையின் சுற்றுப்புறமே இவ்வாய்ப்பின் அவசியத்தை வேறெந்த இடத்தையும் விடத் தெளிவாக உணர்த்துகிறது. அவ்வூருக்கு அண்மையிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டமை இலங்கைத் தேயிலைத் தொழிலின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. பதினாறு வயதில் 1852-இல் இலங்கைக்கு வந்த அந்த ஸ்கொட்லாந்து இளைஞர் தம் தந்தைக்கு எழுதிய கடிதங்கள் பாதுகாக்கப்பட்டிருந்தமையால், அஞ்சலா மெக்கார்த்தி, டி. எம். டெவைன் ஆகிய வரலாற்றாசிரியர் இருவர் 2017-இல் அவருடைய வாழ்க்கையை விரிவான நூலாக்க முடிந்தது. அதே மலைச்சரிவில் காடு வெட்டி, கன்று நட்டு, கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளரிடமிருந்து அத்தகைய கடிதக் கட்டுகள் எவையும் வரலாற்றாசிரியர் கைக்கு வரவில்லை. அவர்களைப் பற்றிய ஆங்கிலப் பதிவுகள் துரைமாரின் கணக்கேடுகளிலும், தோட்டச் சொந்தக்காரர் சங்க அறிக்கைகளிலும், குடியேற்ற நாட்டு அரசின் ஆவணங்களிலும் பிறர் கையெழுத்தில் கிடக்கின்றன. 1948-இல் அவர்களுடைய குடியுரிமையைப் பறித்த சட்டத்தைப் பற்றிய வாதங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தன.

இந்நிலையில் ஆங்கிலத்தில் எழுத முன்வந்த மலையகத்தவருள் முதன்மையானவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947-இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற அவர், தோட்டத் தொழிலாளரின் வாழ்வை ஆங்கிலக் கவிதையாகவும் உரைநடைச் சித்திரங்களாகவும் படைத்ததோடு, அவர்களுடைய நாட்டார் பாடல்களையும் திரட்டினார். தனியொருவரின் முயற்சியாக அமைந்த அப்பணி, நிறுவன வடிவம் பெற்றிருப்பின் அவருக்குப் பின் வந்த தலைமுறைகள் அதனைத் தொடர்வது எளிதாயிருந்திருக்கும்.

பாடத்திட்டத்தின் உருவம்

இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டம் 120 கிரெடிட்டுகளைக் கொண்டது. கிரெடிட் என்பது கற்றல் உழைப்பின் அளவு. வகுப்பும் சொந்தப் படிப்பும் சேர்ந்த 50 மணி நேரம் ஒரு கிரெடிட்டாகக் கணிக்கப்படுகிறது. மூன்று கிரெடிட் வீதம் ஐந்து பாடநெறிகள் எனக் கொண்டால், எழுத்துத் துணைப்பாடம் 15 கிரெடிட்டுகளில், அதாவது 750 மணி நேரத்தில் நிறைவுறும். முழுப் பட்டத்தின் எட்டில் ஒரு பங்கே அதற்குச் செலவாகும் என்பதால், தலைமைப் பாடத்தின் ஆழம் இதனால் கெடுமென்று அஞ்சத் தேவையில்லை.

அவ்வைந்தனுள் முதலாவது, பத்தியமைப்பிலிருந்து வாதக் கட்டுரை வரை படிப்படியாகச் செல்வதாக அமையலாம். இரண்டாவது, மாணவர் தம் தலைமைப் பாடத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதுவதற்கான பயிற்சியாகும். மூன்றாவது, நேர்காணலையும் களத் தகவலையும் அடிப்படையாகக் கொண்ட புனைவல்லாத எழுத்து. வரலாறும் சமூகவியலும் கற்கும் தோட்டத்துப் பிள்ளைகள் தம் முதியோரின் வாய்மொழியைப் பதிவுசெய்ய இதுவே சிறந்த களம். நான்காவது தமிழ்–ஆங்கில மொழிபெயர்ப்பு. அருள்வாக்கி எனப் போற்றப்பட்ட அப்துல் காதிர்ப் புலவரைத் தந்த தெல்தோட்டைப் பகுதியில் மொழிபெயர்ப்பாளருக்கு உரிய தமிழ்ச் செல்வம் குறைவின்றி இருக்கிறது. ஐந்தாவது, முந்தைய பாடநெறிகளில் எழுதியவற்றைத் திருத்திச் செப்பனிட்டு ஒரு தொகுப்பேடாக ஒப்படைப்பதாகும். மூன்று மணி நேர எழுத்துப் பரீட்சையை விட இத்தொகுப்பேடே மாணவரின் வளர்ச்சியை நேர்மையாகக் காட்டும்.

இத்தகைய பாடம் தாய்மொழியைப் புறக்கணிக்கச் செய்யும் என்னும் அச்சத்துக்கு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா தக்க விடையளித்திருக்கிறார். அமெரிக்கப் பாடநூல்களைக் கற்ற யாழ்ப்பாண மாணவர் அவற்றின் ஓரங்களில் எழுதிவைத்த குறிப்புகளையும் வரைந்த படங்களையும் ஆராய்ந்த அவர், அம்மாணவர் அந்நூல்களின் உலகத்தைத் தம் மொழியாலும் பண்பாட்டாலும் எதிர்கொண்டு மாற்றியமைத்ததை 1999-இல் வெளியான தம் நூலில் எடுத்துக்காட்டினார். தமிழை அடக்கிவைத்து ஆங்கிலம் கற்பிக்க முயலும் வகுப்பு மாணவரின் பாதி அறிவை வாயிலிலேயே நிறுத்திவிடுகிறது. இரு மொழிகளையும் ஒரே மேசையில் வைத்துக் கற்பிக்கும் வகுப்பு அவருடைய முழு அறிவையும் எழுத்தில் இறக்குகிறது. தமிழ்வழிக் கல்வியின் பயனை எழுத்துத் துணைப்பாடம் குறைக்காது. அவ்வழியில் பெற்ற அறிவைத் தமிழறியாதாரிடமும் கொண்டுசேர்க்கும்.

உண்மையான தடை வேறிடத்தில் உள்ளது. பட்டறை முறை சிறிய வகுப்பையும், ஒவ்வொரு மாணவரின் படியையும் பலமுறை வாசித்துக் குறிப்பெழுதும் ஆசிரியரையும் வேண்டி நிற்கிறது. நூற்றுக்கணக்கானோர் அமரும் மண்டபத்தில் விரிவுரை நிகழ்த்தலாம். எழுதக் கற்பிக்க இயலாது. ஆகவே இத்துணைப்பாடத்துக்கென ஆசிரியர் பதவிகளை ஒதுக்குவதும், இலக்கியம் கற்பிக்கும் ஆங்கிலத்துறையும் மொழி கற்பிக்கும் அலகும் இதனைக் கூட்டாக நடத்துவதும், சேர்க்கைக்கு உயர்தர ஆங்கிலத் தேர்ச்சியை நிபந்தனையாக்காமல் முதலாண்டில் மாணவர் காட்டும் உழைப்பை அளவுகோலாகக் கொள்வதும் இன்றியமையாதவை. மூன்றாவது நிபந்தனை கைவிடப்படுமாயின், ஏற்கெனவே ஆங்கிலம் கைவரப்பெற்றவருக்கே இன்னுமொரு வாயில் திறக்கப்பட்டதாக முடியும்.

தோட்டத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் பட்டதாரிகளாகிவிட்ட இக்காலத்தில், அவர்களுடைய வரலாற்றின் ஆங்கிலப் பக்கத்தை இன்னமும் பிறரே எழுதுவது நீதியன்று. அதனை அவர்களே எழுதுவதற்கு 750 மணி நேரக் கற்றலைத் திட்டமிட்டு வழங்குவது பல்கலைக்கழகத்தின் ஆற்றலுக்கு உட்பட்ட, உடனடியாகத் தொடங்கத்தக்க கடமையாகும். இக்கடமையின் மறுபக்கமான ஆங்கில ஆசிரியர் பயிற்சியையும், தோட்டப்புறப் பாடசாலைகளுக்கு அவ்வாசிரியர் சென்றடையும் வழிகளையும் அடுத்த இதழ் ஆராயும்.

(தொடரும்)